பூவராகன் கதை சொன்னால்

ஜனவரி 6, செவ்வாய்

நேற்று பூசணிக்காய் உடைத்தோம். ‘பதினாறு சக்கரம்’ படப்பிடிப்பு முடிந்தது. இன்று காலை குளித்து, சட்டை போட்டு, வாசலுக்கு வந்து நின்ற பிறகுதான் போவதற்கு இடமில்லை என்பது உறைத்தது. உள்ளேயிருந்து வல்லி, “நிக்கிறதுதான் நிக்கிறீங்க, தண்ணி லாரி வந்தா ஒரு குரல் கொடுங்க” என்றாள். டைரக்டர் பூவராகனுக்கு இன்று தண்ணி லாரி டியூட்டி!

இந்த நோட்டு டாக்டரின் யோசனை. பத்திரிகைக்காரர்களிடம் கத்தினால் ரத்தக் கொதிப்பு ஏறுகிறதாம், எழுதினால் ஏறாதாம். பார்க்கலாம்.

கடைசி மூன்று படமும் ஊற்றிக்கொண்டன. ‘ஆற்றோரச் சைக்கிள்’ எடுத்த ஆளா இவர் என்று ஒரு பொடியன் யூடியூபில் அரை மணி நேரம் அங்கலாய்த்திருக்கிறான். அவன் பிறப்பதற்கு முன்னாலேயே நான் தேசிய விருது வாங்கியவன். ஜனங்களுக்கு ரசனை செத்துப்போனால் நான் என்ன செய்ய? ஆனால் இது ஓடியாக வேண்டும். ஓடாவிட்டால் இனி எவனும் எனக்குப் படம் கொடுக்க மாட்டான். கல்லூரி விழாக்களில் பொன்னாடை வாங்கிக்கொண்டு திரிய வேண்டியதுதான்.

ஓடும். கதை அப்படி.

ஜனவரி 9, வெள்ளி

எடிட்டிங் அறையில் முதல் தொகுப்பைப் போட்டுப் பார்த்தோம். யூனிட்டில் பதினைந்து பேர். அண்ணன் தம்பி கதை. தம்பி துபாயில் இருக்கும்போது அப்பா விட்டுப்போன லாரியை அண்ணன் அவனிடம் கேட்காமல் விற்றுவிடுகிறான். தம்பி திரும்பி வந்து சண்டை போட்டு, பேச்சை முறித்து, தனியாக லாரி வாங்கித் தொழில் செய்கிறான். கடைசியில் ஒரு விடியற்காலை, அண்ணன் தம்பி வீட்டு வாசலுக்கு வருகிறான். செருப்பைக் கழற்றுகிறான். பெல்லை அழுத்தக் கை போகிறது, நடுங்குகிறது. இந்தத் தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு திருவிழா பார்த்தவன், இப்போது பெல் அடிக்கத் தைரியம் இல்லாமல் நிற்கிறான். நின்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறான். தம்பி மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக் கதறுகிறான். அடுத்த காட்சியில் ஓடிப்போய் அண்ணனைக் கட்டிக்கொள்கிறான்.

இந்த இடம் வந்ததும் அறையில் மூக்கு உறிஞ்சும் சத்தம். என் இணை இயக்குநர் மாசிலாமணி துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினான். இருபது வருடமாகக் கூட இருக்கிறான், அவனையே அழவைத்துவிட்டேன். எனக்கும் நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து மூன்று தோசை சாப்பிட்டேன். இன்றைக்குத் தூக்கம் வரும்.

ஜனவரி 10, சனி

வரவில்லை.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்

வல்லியின் தம்பி குடும்பம் வந்திருந்தது. சாப்பாடு முடிந்ததும், “மாமா, புதுப் படம் கதை சொல்லுங்க” என்று பிடித்துக்கொண்டார்கள். மாட்டேன் என்றேன், அப்புறம் எழுந்து நின்றே சொன்னேன். இரண்டரை மணி நேரம். தம்பியின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அண்ணா, நீங்க சொன்னதே படம் பாத்த மாதிரி ஆயிடுச்சு” என்றாள்.

கதை சொல்வதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் இல்லை, அது இண்டஸ்ட்ரிக்கே தெரியும். ஹீரோ ஆதவ், மூன்று படம் தோற்றவனுக்கு எதற்குத் தேதி கொடுத்தான்? நான் சொல்லி முடித்ததும் காலில் விழுந்தான். தயாரிப்பாளர் சென்னியப்பன் திருச்செங்கோட்டுக்காரர், கல்லுளிமங்கர். அவரே கர்ச்சீப்பை எடுத்தார். “பூவராகன் கதை சொன்னா தப்பிக்க முடியாதுங்க” என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

அவர்கள் போன பிறகு வல்லி பாத்திரம் கழுவிக்கொண்டே, “இந்தக் கதையை நான் இதோட பதினோராவது தடவை கேக்கறேன்” என்றாள். அலுப்பா, பெருமையா என்று முகத்தைப் பார்த்தேன். அவள் திரும்பவில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

இவளை என்ன செய்தால் தகும்!

இசையமைப்பாளர் ஷெரின் நாகர்கோவிலில் இருந்துகொண்டு வேலை செய்கிறாள். போன வருடம் நான் எல்லாரையும் உட்காரவைத்துக் கதை சொன்னபோது அவளுக்குப் பிரசவ நேரம், வர முடியவில்லை. பாட்டு மட்டும் போனில் பேசிப் போட்டுக் கொடுத்தாள், நன்றாகவே இருந்தது. படம் முழுவதையும் அனுப்பியிருந்தோம், இன்று பின்னணி இசை வந்தது. அந்த விடியற்காலைக் காட்சியைப் போட்டேன். நாதஸ்வரம்! தவில்! ஜாம் ஜாம் என்று கல்யாண மேளம்! ஆதவ் ஜன்னலில் நின்று கதறிக்கொண்டிருக்கிறான், பின்னால் மாப்பிள்ளை அழைப்பு மாதிரி வெளுத்து வாங்குகிறது.

ஹெட்போனைத் தூக்கி எறிந்தேன். மாசிலாமணி பொறுக்கி எடுத்தான். “பச்ச உடம்பு சார், தூக்கம் கெட்டிருக்கும்” என்றான். பச்சை உடம்போ பழுத்த உடம்போ, கண் இருக்கிறது இல்லையா?

ஜனவரி 21, புதன்

கத்தக் கூடாது என்று தீர்மானம் செய்துகொண்டு போன் போட்டேன்.

“ஏம்மா, அந்த ஜன்னல் சீன்ல அவன் எதுக்கு அழறான்?”

“சந்தோஷத்துல சார்.”

“என்ன சந்தோஷம்?”

“புது லாரி சார். முந்தின சீன்ல லோன் கெடச்சு லாரி வருது இல்லியா? வீட்டுக்குக் கீழ நிறுத்துறாங்க. மறுநா காலைல ஜன்னல் வழியா அதப் பாத்து அழறாரு. அப்பா லாரி போச்சு, இப்ப சொந்தமா ஒண்ணு நிக்குதுன்னு. அதனாலதான் மேளம் வச்சேன். அந்தச் சந்தோஷத்துல போய் அண்ணன மன்னிச்சுக் கட்டிக்கிறாருன்னு நெனச்சேன். தப்பா சார்?”

“அண்ணன் வந்து வாசல்ல நிக்கிறானேம்மா!”

போனில் பின்னால் குழந்தை சிணுங்கியது.

“சார், எனக்கு அனுப்பின பிரிண்ட்ல அது இல்ல சார்.”

லிங்க்கில் ஏதோ கோளாறு, சரியான பிரிண்ட் அனுப்பச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

ஜனவரி 22, வியாழன்

பாத்ரூம் குழாய் ஒழுகுகிறது. பிளம்பர் வருவதாகச் சொல்லி வரவில்லை. நாள் முழுக்க ஒழுகுகிறது, நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 23, வெள்ளி

அந்த ஷாட் இல்லை.

லிங்க்கில் இல்லை, தொகுப்பில் இல்லை, ஹார்ட் டிஸ்க்கில் இல்லை. நாமக்கல்லில் அந்தக் காட்சிக்காக எடுத்ததை முதலிலிருந்து கடைசி வரை ஓட்டிப் பார்த்தோம். ஆதவ் ஜன்னலில், ஆதவ் கண் கிட்டத்தில், ஆதவ் இன்னும் கிட்டத்தில். அண்ணன் வேஷம் போட்ட கலியபெருமாள் ஒரு ஃபிரேமில்கூட இல்லை. அவருடைய செருப்புகூட இல்லை.

“எப்படிய்யா?” என்றேன்.

மாசிலாமணி தரையைப் பார்த்தான். “அன்னிக்கு நீங்க ஷாட்டுக்கு முன்னால எல்லாரையும் உக்கார வச்சு சொன்னீங்க சார். ஆதவ் தாங்க முடியாம அழ ஆரம்பிச்சுட்டாரு. அழுகை போறதுக்குள்ள எடுப்போம்னு ஓடினோம். எடுத்தோம். யூனிட்டே கை தட்டிச்சு. நீங்க பேக்கப் சொன்னீங்க.”

“நீ ஞாபகப்படுத்த வேண்டாமா?”

“எனக்கும் எடுத்தாச்சுன்னுதான் சார் தோணிச்சு.”

அடப்பாவிகளா! பதினைந்து பேர் உட்கார்ந்து இல்லாத ஷாட்டுக்கு அழுதிருக்கிறோம். நானும்தான். இரண்டு வாரத்துக்கு முன்னால்கூட அண்ணனின் கை நடுங்கியதை இந்தக் கண்ணால் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன்.

ஜனவரி 25, ஞாயிறு

வல்லி கோயிலுக்குப் போயிருந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு என்னுடைய கடைசி மூன்று படங்களையும் போட்டேன். யாரோ எடுத்த படம், கதையே தெரியாது என்று நினைத்துக்கொண்டு பார்க்க வேண்டும் என்பது திட்டம். லேசு இல்லை. நடுநடுவே வாய் தானாக முணுமுணுக்கிறது.

முதல் படத்தில் அந்த டீச்சர் எதற்கு வேலையை விடுகிறாள்? எனக்குத் தெரியும். திரையில் இல்லை. இரண்டாவதில் கிழவர் ஏன் அந்தப் பையனை அடிக்கிறார்? சொல்லும்போது மூன்று நிமிடம் சொல்வேன், பிரமாதமாக இருக்கும். படத்தில் அவர் பாட்டுக்கு அடிக்கிறார். மூன்றாவதை இடைவேளையோடு நிறுத்திவிட்டேன்.

பிறகு ‘ஆற்றோரச் சைக்கிள்’. அப்போதெல்லாம் எனக்குப் பேச வராது. பெரிய மனிதர்களைக் கண்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அன்றைய தயாரிப்பாளர், “உன் கதை ஒரு எழவும் புரியலய்யா, எடுத்துக் காட்டு” என்று துரத்தினார். எடுத்துக் காட்டினேன். எல்லாமே திரையில் இருக்கிறது. ஒன்றுகூட விடவில்லை.

தலைவலி. அந்த யூடியூப் பொடியனின் பேச்சை மறுபடி கேட்டேன். “என்ன நடக்குதுன்னே புரியல” என்று நான்கு இடத்தில் சொல்கிறான். குரல் சகிக்கவில்லை.

ஜனவரி 27, செவ்வாய்

சென்னியப்பனிடம் சொல்லவில்லை. மாசிலாமணி சொல்லிவிட்டான். பயந்துகொண்டே போனால் மனிதர் சிரிக்கிறார்.

“இதுக்கெதுக்குங்க கவலை? நீங்கதான் சொன்னா உருகிப் போயிருமே! உங்க கொரல்லயே அந்த எடத்துல நாலு வார்த்தை பேசிப் போடுங்க. ‘அண்ணன் வந்தான், நின்னான்’னு. தியேட்டரே அழுதுருமுங்க. மறுக்கா நாமக்கல் போகோணும், செட்டு வேன் எடுக்கோணும், அந்தப் பாடெல்லாம் நமக்கெதுக்கு?”

அப்போதே டப்பிங் தியேட்டருக்குப் போனோம். மைக் முன்னால் நின்றேன், பேசினேன். ஒரே டேக். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்ஜினியர் கண்ணைத் துடைக்கிறான். சென்னியப்பன் கர்ச்சீப். மாசிலாமணியைச் சொல்லவே வேண்டாம்.

பிரச்சினை தீர்ந்தது. எனக்குத்தான் ஏனோ உட்கார முடியவில்லை. டப்பிங் தியேட்டரிலிருந்து வீட்டுக்கு நடந்தே வந்தேன். வழியில் ஒரு டீ, இன்னொரு டீ. டாக்டர் வேண்டாம் என்ற சர்க்கரையோடு.

ஜனவரி 28, புதன்

வல்லியிடம் குரல் விஷயத்தைச் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“நல்லாத்தான் இருக்கும்” என்றாள்.

“அதுல என்ன இழுவை?”

“இழுவையெல்லாம் இல்லைங்க. நீங்க வாயைத் திறக்காத காலத்துல எடுத்த படமெல்லாம் ஓடுச்சு. அதைத்தான் நெனச்சேன்.”

கோபம் தலைக்கேறியது. இந்த வாயால்தான் இந்த வீட்டைக் கட்டினேன் என்று கத்தினேன். “வீடு சைக்கிள் படத்துல கட்டினது” என்றாள், அவ்வளவுதான். மத்தியானம் இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமல் வெங்காய சாம்பார் சாப்பிட்டோம். சாம்பார் நன்றாக இருந்தது என்பதை இங்கே எழுதிவைக்கிறேன், அவளிடம் சொல்லவில்லை.

ஜனவரி 31, சனி

குரல் சேர்த்த பிரிண்ட்டை ஷெரினுக்கு அனுப்பியிருந்தேன். பதில்: “இப்ப புரியுது சார். ஆனா உங்க குரலுக்குத்தான் மியூசிக் போட முடியுது. படத்துக்குப் போட ஒண்ணும் கிடைக்கல.”

போக்கிரிப் பெண். நாள் முழுக்க வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். பிளம்பர் வந்து போய்விட்டான் என்பதுகூட அப்புறம்தான் தெரிந்தது.

பிப்ரவரி 2, திங்கள்

சென்னியப்பன் ஆபீசுக்குப் போய் இன்னும் ஒரு நாள் படப்பிடிப்பு கேட்டேன். குரல் அவ்வளவு நன்றாக இருக்கும்போது எதற்கு என்றார். ஏதேதோ சுற்றி வளைத்தேன். கலர் கொஞ்சம், லைட்டிங் கொஞ்சம் என்று அளந்தேன். அவர் மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

“எனக்குப் புரியறாப்பல சொல்லுங்க. படம் நல்லா இருக்குதுங்களா இல்லீங்களா?”

“நான் சொன்னது நல்லா இருக்கு. எடுத்தது நல்லா இல்லை” என்றேன்.

சொன்ன பிறகு காது சூடாகிவிட்டது. நாற்பது வருடத்தில் ஒரு தயாரிப்பாளரிடம் இப்படி நான் சொன்னதில்லை. எழுந்து போகச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “நானும் நீங்க சொன்னதைக் கேட்டுத்தானே ஏமாந்தேன்” என்றார். பிறகு, “ஒரு நாள். ஒரே நாள்தானுங்க. ஹீரோவெல்லாம் கேக்கப்படாது” என்றார்.

ஹீரோ வேண்டாம். எனக்குக் கலியபெருமாள் போதும்.

பிப்ரவரி 6, வெள்ளி. நாமக்கல்

போய் இறங்கினால், அந்த வீட்டுக்காரர் பொங்கலுக்கு வாசல் கேட்டுக்கு நீலப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார்! படத்தில் பச்சை. “உங்க படம் வரப் போகுதில்ல, அழகா இருக்கட்டும்னுதான்” என்கிறார் பாவம். ஆர்ட் ஆட்கள் இருட்டோடு பச்சை அடித்து, ஃபேன் வைத்துக் காயவைத்தார்கள்.

வெளுக்கத் தொடங்கியதும் யூனிட் வழக்கம்போல என்னைச் சுற்றி நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தது. ஷாட்டுக்கு முன்னால் நான் கதை சொல்வேன், அதுதான் எங்கள் சாமி கும்பிடு. கலியபெருமாள் வந்து கை கட்டி நின்றார். தஞ்சாவூர்ப் பக்கம் நாடகத்தில் இருந்தவர்.

“அய்யா, சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் எனக்கு வரும்.”

நாக்கின் நுனியில் நிற்கிறது. தோளில் தூக்கிய திருவிழா, நடுங்கும் கை, அத்தனையும். “இன்னிக்குச் சொல்லல. எடுத்துப் பாப்போம்” என்றேன். ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்த்துக்கொண்டார்கள். மாசிலாமணி என் நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான் பாக்கி.

முதல் டேக். கலியபெருமாள் ஏற்கெனவே என்னிடம் கேட்டிருந்ததை எல்லாம் செய்தார். கை நடுங்கியது, உதடு துடித்தது, கண்ணீர் கொட்டியது. மானிட்டரில் பார்த்தால் கண்றாவி. நடிப்பு அவருடையது இல்லை, என்னுடையது. நான் கதை சொல்லும்போது செய்கிற அத்தனை சேஷ்டையும் அவர் முகத்தில் இருந்தது. இதற்கா எல்லாரும் அழுதார்கள்? அவமானமாக இருந்தது.

இரண்டாவது, மூன்றாவது. “கம்மி பண்ணுங்க.” நான்காவது. வெளிச்சம் ஏறிக்கொண்டிருந்தது, இன்னும் கொஞ்சம் போனால் விடியற்காலை போய்விடும். இவ்வளவுதான் பூவராகன், முடிந்தது ஜோலி என்று மனதுக்குள் ஓடியது. வாயைத் திறந்து சொல்லிவிடலாமா என்றுகூட எழுந்தேன். உட்கார்ந்தேன்.

“கலியபெருமாள், அழ வேண்டாம். ஒண்ணும் பண்ண வேண்டாம். வாங்க, நில்லுங்க, போங்க.”

ஐந்தாவது டேக். வந்தார், செருப்பைக் கழற்றினார், பெல் பக்கம் போனார். நின்றார். அவருக்கே சலித்துப்போயிருந்தது என்று நினைக்கிறேன், முகத்தில் எதுவும் இல்லை. திரும்பினார். குனிந்து செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு தெருவில் நடந்து போய்விட்டார். அது என் கதையில் கிடையாது. கட் சொல்ல மறந்து உட்கார்ந்திருந்தேன்.

“செருப்பை எதுக்கு எடுத்தீங்க?” என்று கேட்டேன்.

“தெரியலங்கய்யா. கை அப்புடிப் போயிட்டு. இன்னொண்ணு போவமா?”

வேண்டாம் என்றேன். யாரும் கை தட்டவில்லை. டிபன் வண்டி வந்துவிட்டது என்று எல்லாரும் கலைந்தார்கள்.

பிப்ரவரி 9, திங்கள்

ஷாட்டை உள்ளே வைத்தோம். வைத்ததும் ஆதவின் அழுகை பொய்யாகிவிட்டது. அண்ணன் சும்மா நடந்து போகிறான், இவன் எதற்கு இப்படிக் குய்யோ முறையோ என்கிறான்? அழுகை முழுவதையும் வெட்டினேன். ஜன்னலில் அவன் முதுகு மட்டும் இருக்கிறது. என் குரலையும் எடுத்துவிட்டேன்.

ஆதவுக்கு நானே போன் செய்து சொன்னேன். அந்த அழுகைதான் போஸ்டர், அதற்குத்தான் அவார்டு வாங்கப் போகிறேன் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறான். “அப்போ நான் எதுக்கு சார் அந்தப் படத்துல?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான். இனி எனக்குத் தேதி தர மாட்டான். மாசிலாமணி, “சார், இந்த சீன்ல இப்ப ஒண்ணுமே இல்லையே” என்கிறான். அவனுக்கு அழுகை வரவில்லை. எனக்கும் வரவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. நல்லதா கெட்டதா என்று சொல்லக் கதை தெரியாத ஒரு மனுஷன் இந்த ஊரில் இல்லை, எல்லாரிடமும் சொல்லித் தொலைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

ஷெரின் புது இசை அனுப்பினாள். ஒரே ஒரு புல்லாங்குழல், அதுவும் கலியபெருமாள் தெருமுனை திரும்பிய பிறகு. நன்றாக இருக்கிறதா என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன், நிஜமாகத்தான். வல்லியைப் பார்க்கச் சொன்னேன். “பதினோரு தடவை கேட்டவ என்ன சொல்ல முடியும்?” என்றாள்.

பிப்ரவரி 24, செவ்வாய்

நகம் கடிக்க விரலில் நகம் இல்லை.

பிப்ரவரி 27, வெள்ளி

இன்று வெளியீடு. காலைக் காட்சிக்கு சென்னியப்பன் கூப்பிட்டார், மாலை, கேமரா, ரசிகர் மன்றம். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு, மத்தியானக் காட்சிக்கு வல்லியைக் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் போனேன். தொப்பி, மூக்குக் கண்ணாடி. யாருக்கும் என்னைத் தெரியவில்லை, தொப்பி இல்லாவிட்டாலும் தெரிந்திருக்காது.

பாதி அரங்கு காலி. முன் வரிசையில் கல்லூரிப் பையன்கள் இடைவேளை வரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு முன்னால் ஒரு தம்பதி, நாற்பது வயது இருக்கும். அந்த அம்மாள் மடியில் டிபன் பை. பின்பாதியில் இரண்டு இடத்தில் யாரோ கொட்டாவி விட்டார்கள், இரண்டும் நியாயம்தான். வல்லி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், நான் காலை ஆட்டிக்கொண்டே இருக்கிறேன் என்று.

லோன் காட்சி முடியும்போது முன்னால் இருந்த மனிதர் எழுந்து பாத்ரூம் போய்விட்டார். எனக்கு அவரைப் பிடித்து இழுத்து உட்காரவைக்க வேண்டும் போல இருந்தது. வாசல் வந்தது. கலியபெருமாள் வந்தார், நின்றார், போனார். அரங்கில் ஒரு சத்தமும் இல்லை. பிடித்துத்தான் சத்தம் இல்லையா, தூங்கிவிட்டார்களா? எனக்கு எதுவும் தெரியவில்லை. காது அடைத்த மாதிரி இருந்தது.

அந்த மனிதர் ஈரக் கையை உதறிக்கொண்டே வந்து உட்கார்ந்தார். “என்னாச்சு?” என்றார் பெண்டாட்டியிடம்.

“அண்ணங்காரன் வந்தான்” என்றாள் அந்த அம்மாள் மெதுவாக. “பெல் அடிக்க வந்துட்டு அடிக்காமப் போயிட்டான். செருப்பக்கூடப் போடல, கையில எடுத்துட்டுப் போறான்.”

“ஏன்?”

“போட்டா சத்தம் கேக்கும்ல. தம்பி தூங்கறான்னு நெனச்சுக்கிட்டான். சின்னப் புள்ளையில தூங்கறவன எழுப்பக் கூடாதுன்னு இருந்திருப்பான்போல, அந்தப் பழக்கம்.”

அவர் “ச்சு” என்றார்.

எனக்கு அந்தக் கதை தெரியாது. இத்தனை பேரிடம் இத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், இப்படி ஒரு கதை நான் சொன்னதே இல்லை. முன்னால் குனிந்து, அவர்கள் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு, அந்த அம்மாள் இன்னும் ஏதாவது சொல்வாளா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.